நாலாவது ஆளு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஏறினது ஏறியாச்சு, இனிமே ஓடுற வண்டியில இருந்து குதிக்கவா போறீக? இது மாற்றுத்திறனாளிங்க பெட்டிதான். வெளிய எழுதிப் போட்டிருக்கு, ஓடி வந்த வேகத்துல நீங்க படிக்கல. மதுரையில தெனமும் நாலு பேரு இப்பிடித்தான் ஏறுவாக. டிடிஆர் வந்தா எனக்குத் துணைக்கு வந்த தம்பின்னு சொல்லிக்கிறேன். திண்டுக்கல்ல எறங்கி உங்க பெட்டிக்கு மாறிக்கங்க, ஒரு மணி நேரந்தான. அந்தப் பைய மட்டும் மிதிச்சுராதீங்க, உள்ள ராக்கெட் இருக்கு. டென்னிஸ் அடிக்கிற ராக்கெட்.

நான்தான் ஆடுறது. வேற யாரு? பாத்தீகளா, உடனே என் காலப் பாக்குறீக. எல்லாரும் மொதல்ல அங்கதான் பாப்பாக, நான் தப்பா நெனைக்கிறதில்ல. காலு ரெண்டு வயசுலயே போயிருச்சு, போலியோ. அதுக்கென்ன, பந்த அடிக்கிறது கையிலதான. சக்கர நாற்காலியில உக்காந்தபடி ஆடுறது. அதே கோர்ட்டு, அதே வலை, அதே பந்து. ஒரே ஒரு சலுகைதான், எங்களுக்குப் பந்து ரெண்டு தடவ தரையில குத்தலாம். மத்ததெல்லாம் கறார். நாற்காலில பந்து பட்டா ஒடம்புல பட்ட கணக்கு, பாயிண்டு போச்சு. சீட்ட விட்டு எந்திரிச்சு அடிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு. மொத நாளு கோச் அத வாசிச்சப்ப நான் சிரிச்சுட்டேன். எந்திரிக்க முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வாறேன்னு கேட்டேன்.

பேரு பவுன்தாய். மதுரையில தபால் ஆபீஸ்ல கவுண்டர்ல இருக்கேன். முப்பத்தொம்பது வயசு. இந்தியாவுல பொம்பளைங்க பிரிவுல அஞ்சு தடவ சாம்பியன். சும்மா சொல்லல தம்பி, தாய்லாந்து, கொரியா, துருக்கின்னு பாஸ்போர்ட்டுல ஒம்பது முத்திர இருக்கு. உலக ரேங்க் எம்பத்தாறு வரைக்கும் வந்தேன். எங்க போஸ்ட் மாஸ்டருக்கு இன்னும் அது என்னன்னு வெளங்கல, நூத்துக்கு எம்பத்தாறு மார்க்குன்னு நெனச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாரு. நானும் திருத்துறதில்ல.

அஞ்சு தடவன்னு சொன்னேன்ல. இன்னொருத்தியும் அஞ்சு தடவ. அந்தக் கடைசி ஜன்னல்கிட்ட பச்சச் சட்ட போட்டு, காதுல வயர மாட்டிக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா பாருங்க. நேராப் பாக்காதீங்க, அதுக்கு வேற சிலுப்பிக்குவா. அவதான் ஜெசிந்தா. அவளுக்கு அஞ்சு, எனக்கு அஞ்சு. நாளைக்கு மெட்ராசுல மறுபடி போட்டி. ஆறாவது யாருக்குங்கிறதுதான் பேச்சு.

எனக்குத்தான் வரணும். கொஞ்சம் கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன். தபால் கவுண்டர்ல இருந்து இருந்து எனக்கு மெதுவாப் பேசவே வராது, இருந்தாலும் சொல்றேன். என் வலது தோளு போச்சு தம்பி. டாக்டரு படம் எடுத்துப் பாத்துட்டு, இந்த வருஷத்தோட நிறுத்திக்கம்மா, இல்லாட்டி அப்பறம் தல சீவக்கூட கை தூக்க முடியாதுன்னுட்டாரு. எங்களுக்குத் தோளுதான கைக்கும் காலுக்கும் சேத்து ஒழைக்குது. அடிக்கிறதும் அதுதான், சக்கரத்தத் தள்ளுறதும் அதுதான். யாருகிட்டயும் சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சா தீந்தது. ஆக, எனக்கு அடுத்த வருஷம்னு ஒன்னு கெடையாது. இப்ப விட்டா அஞ்சோட அஞ்சா நிக்கணும் ஆயுசு பூரா. அவளோட சமமா. எப்பிடிச் சோறு எறங்கும்?

பேசுறதில்லைங்க. பதினோரு வருஷமாச்சு. பெங்களூர்ல ஒரு பைனல், நான் அடிச்ச பந்து கோட்டு மேல விழுந்துச்சு, அவ வெளியன்னு கைய நீட்டுறா. நடுவரும் அவ பக்கம். அன்னிக்கு விட்டதுதான் பேச்ச. ஆனா பாருங்க கொடும, மதுரையில நாற்காலி டென்னிஸ் ஆடுற பொம்பளைங்க மொத்தமே நாங்க ரெண்டு பேருதான். அவ இல்லாட்டி நான் செவுத்துலதான் அடிக்கணும். அதனால தெனமும் காலையில ஆறு மணிக்கு ஒரே கோர்ட்டு. அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஸ்கோர் மட்டும் சொல்லிக்குவோம். ‘ஃபார்ட்டி தர்ட்டி’ம்பா. ‘டியூஸ்’ம்பேன். ஆடி முடிச்சா அவ வண்டி அவளுக்கு, என் வண்டி எனக்கு.

இப்பக் கொஞ்ச நாளா அவ ஆட்டமும் செத்துப் போச்சு. முன்னயெல்லாம் தலைக்கு மேல ஒசரமா ஒன்னு தூக்கிப் போடுவா, கைய முழுசா நீட்டி எட்டி அடிக்கணும், உயிரு போகும். ஆறு மாசமா அப்பிடி ஒன்னுகூட வரல. எல்லாம் இடுப்பு ஒசரத்துல, வாகா, கைக்கு வந்து விழுகுது. வயசாகுதுல்ல அவளுக்கும். நான் சொல்லிக் காட்டல, பேசினாத்தான சொல்ல முடியும்.

சரி, கதைக்கு வாறேன். போன வருஷம் நடந்த கூத்து. எங்க போட்டியில ஒரு சட்டம் உண்டு, நாலு பொம்பள பேரு குடுத்து, நாலு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பொம்பளைங்க பிரிவு நடக்கும். மூணு பேருன்னா ரத்து. ஆம்பளைங்க முப்பது பேரு வாறாக, அவுகளுக்கு இந்தக் கவல இல்ல. நாங்க இந்தியா முழுக்கத் தேடுனாலும் ஒழுங்கா வர்றது நாலே பேரு. நானு, இவ, ஐதராபாத்துல லாவண்யான்னு ஒரு பொண்ணு, பெங்களூரு பிரமீளா. போன வருஷம் மே மாசம் பிரமீளா போன் பண்ணி, அக்கா நான் முழுகாம இருக்கேன்னா. சந்தோசமான சேதி. வாயார வாழ்த்துனேன். போன வச்சுட்டு உக்காந்து அழுதேன்.

மறுநாளு காலையில கோர்ட்டுல, ஆட்டம் முடிஞ்சு பந்தப் பொறுக்குறப்ப, அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே ‘பிரமீளா வரல’ன்னா. ‘தெரியும்’னேன். ‘திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்’னா. ‘சரி’ன்னேன். அம்புட்டுத்தான் பேச்சு. எனக்கும் அதே யோசனதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவ முந்திக்கிட்டா.

திங்கக்கெழம மனு குடுக்குற நாளு. பட்டா, உதவித்தொக, மூணு சக்கர ஸ்கூட்டர்னு எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் அங்கதான் இருப்பாக. கூட்டம் மனுவ எழுதிக்கிட்டு இருக்கு, நாங்க ரெண்டு பேரும் வேப்பமரத்தடியில ஆளுக்கொரு பக்கமா நின்னுக்கிட்டு பொம்பளைங்க தோளப் பாக்குறோம். எந்தப் பொம்பளைக்கு என்ன கை, எவ வண்டிய எப்பிடித் திருப்புறா, இதான் கணக்கு. மூணு பேருகிட்டப் பேசிப் பாத்தோம். ஒருத்தி வீட்டுல கேக்கணும்னா. ஒருத்தி இதுக்கு ஸ்கூட்டர் குடுப்பாகளான்னு கேட்டா. ஒருத்தி சிரிச்சா பாருங்க, மனு எழுதுறவரு பேனாவக் கீழ வச்சுட்டாரு.

அப்பத்தான் ஒச்சம்மாக்காவப் பாத்தோம். நாப்பத்தேழு வயசு, என்னயவிடப் பெரியவுக. செல்லூர்ல தையக் கட வச்சிருக்காக, பெறப்பு உசிலம்பட்டிப் பக்கம். காலு வெளங்காதுங்கிறதால தையல் மிஷினக் கையாலயே சுத்தித் தைக்கிறவுக, இருவத்தஞ்சு வருஷமா. போக வர கையால சுத்துற மூணு சக்கர வண்டி. அன்னிக்கு வரிசையில எவனோ வெள்ள வேட்டி நடுவுல பூந்தான். அக்கா ஒன்னும் சத்தம் போடல. ஒத்தக் கையால ஒரே இழுப்பு, அம்புட்டுப் பெரிய வண்டி அப்பிடியே வட்டமடிச்சு அவனுக்குக் குறுக்க நின்னுச்சு. வேட்டிக்காரன் பின்னாடியே போயிட்டான். நானும் ஜெசிந்தாவும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டோம். பத்து வருஷத்துல நேருக்கு நேராப் பாத்துக்கிட்டது அன்னிக்குத்தான்.

கிட்டப் போயி சொன்னோம். அக்கா, நீங்க ஒன்னும் பெருசாச் செய்ய வேணாம், நவம்பர்ல மெட்ராசுக்கு வந்து கையெழுத்துப் போட்டு, ஒரு மேட்ச்சு ஆடித் தோத்துட்டு வந்தாப் போதும், ரயிலு, சாப்பாடு, ரூமு எல்லாம் எங்க பாடுன்னோம். அக்கா எங்க மூஞ்சிகள மாத்தி மாத்திப் பாத்துட்டுக் கேட்டாக.

“தோக்குறதுக்கா மெட்ராஸ் வரைக்கும் வரச் சொல்றீக?”

கேட்டுட்டு அவுகளே, தீபாவளித் துணியெல்லாம் முடிஞ்சுரும், நவம்பர்ல எனக்கும் கை சும்மாத்தான் இருக்கும், வாறேன்னுட்டாக.

அஞ்சு மாசம் சொல்லிக் குடுத்தோம். திங்கள், புதன், வெள்ளி நானு. செவ்வாய், வியாழன், சனி அவ. சேந்து சொல்லிக் குடுக்கணும்னா பேசணுமே. பழைய ஆட்ட நாற்காலி ஒன்னு எங்கிட்ட இருந்துச்சு, சக்கரம் ரெண்டும் சாஞ்சிருக்கும், தொட்டாத் திரும்பும். அதுல உக்கார வச்சு இடுப்பையும் காலையும் பெல்ட்டுப் போட்டுக் கட்டுனா, அக்காவுக்கு ஒரே கூச்சம். ரெண்டாம் நாளே கோர்ட்டச் சுத்தி வந்துட்டாக. மொத வாரம் பந்து பூராவும் வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு மாசத்துல எங்க போடச் சொன்னாலும் அங்க போட்டாக. தையக்காரவுக கண்ணு தம்பி, அரை இஞ்சு தப்பாது.

இங்கதான் நான் ஒன்னு செஞ்சேன். தப்பா ஒன்னும் செய்யல, கோச்சிங்தான். குலுக்கல்ல யாருக்கு யாருன்னு வரும்ல. ஒருவேள ஜெசிந்தாவுக்கு ஒச்சம்மாக்கா விழுந்தா, அவ சும்மா ஒக்காந்து ஜெயிச்சுட்டு அலுப்பில்லாம பைனலுக்கு வருவா. அது நாயமா? கொஞ்சம் ஓட விடணும்ல. அதனால அக்காகிட்ட ஜெசிந்தா ஆட்டத்தப் பத்தி ரெண்டு விசயம் சொன்னேன். அவ பந்த அடிச்சுட்டு எப்பவும் வலப்பக்கமாத்தான் வண்டியத் திருப்புவா. எத்தன வருஷமானாலும் மாறாது. அவ அந்த வட்டம் அடிக்கிறப்ப இடது மூலையில போட்டீகன்னா, முதுகக் காட்டிக்கிட்டு நிப்பா. இத ஒரு நூறு தடவ போட வச்சேன். அம்புட்டுத்தான். சொல்லிக் குடுக்குறவ தெரிஞ்சத எல்லாம் சொல்லணும்ல.

மெட்ராசுக்குப் போனோம். குலுக்குனாக. எனக்கு ஒச்சம்மாக்கா. அவளுக்கு லாவண்யா. எனக்கு நிம்மதி, ஒரு அரை மணி நேர வேலன்னு நெனச்சேன்.

மொத கேமு நான் ஜெயிச்சேன். ரெண்டாவது கேம்ல அக்கா ஒரு பந்த வலையத் தாண்டிப் பொத்துன்னு போட்டாக. என்னடா இதுன்னு முன்னால வர்றதுக்குள்ள மூணு தடவ குத்தியாச்சு. சரி, தெரியாம விழுந்துருச்சுன்னு நெனச்சேன். அடுத்ததும் பொத்து. அதுக்கடுத்தது நீளமா, பின்னால போனா மறுபடி பொத்து. தம்பி, எனக்குப் பலவீனம்னு ஒன்னும் கெடையாது. நான் பின்னால இருந்து ஆடுற ஆளு, அது என் பாணி. முன்னால வர ஒரு நொடி தாமதமாகும், அம்புட்டுத்தான். ஆனா அந்த ஒரு நொடி இந்த ஒலகத்துல ஒருத்திக்குத்தான் தெரியும். பதினோரு வருஷமா எதுத்தாப்புல உக்காந்து பாக்குறவளுக்கு.

ஆறு நாலு, ஆறு மூணு. தோத்துட்டேன். தையக்காரம்மாகிட்ட. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ராக்கெட்ட எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு கேட்டவுககிட்ட.

பாருங்க அவ துரோகத்த. செவ்வாய், வியாழன், சனி அவ என்ன செஞ்சிருக்கான்னு அப்பத்தான் வெளங்குச்சு. கூட ஆடுறவ ஆட்டத்த ஒரு புது ஆளுகிட்டக் காட்டிக் குடுக்கிறதா? மனசாட்சின்னு ஒன்னு வேணாம்? என்ன சிரிக்கிறீக? நான் செஞ்சது கோச்சிங் தம்பி. இது வேற, அது வேற.

பைனல் அவளும் அக்காவும். நான் ஒரு ஓரமா வண்டியப் போட்டுக்கிட்டு ஆசையாப் பாக்க உக்காந்தேன். அவ தோக்கணும். தோத்தா அஞ்சு அஞ்சு அப்பிடியே நிக்கும். அக்கா நான் சொன்னபடியே இடது மூலையா போடுறாக, இவ முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறா. எனக்குப் பாயாசம் குடிச்ச கணக்கா இருக்கு. மொத செட்டு போச்சு அவளுக்கு. ரெண்டாவது செட்டுல நாலு ரெண்டு. மறுபடி அதே மூலை, மறுபடி வலப்பக்கமாவே வட்டம் அடிக்கிறா, லூசு மாதிரி. தலமுடியெல்லாம் வேர்வையில ஒட்டிப் போயி, மூஞ்சி செவந்து, வாயத் தொறந்து மூச்சு வாங்குறா. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல தம்பி. கத்திட்டேன். எடது பக்கமாத் திரும்புடி, அங்கதான் போடுவாகன்னு.

கோர்ட்டே திரும்பிப் பாத்துச்சு. வெளிய இருந்து சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு நடுவரு அவளுக்கு எச்சரிக்க குடுத்துட்டாரு. அவ நடுவரப் பாக்கல, என்னயத்தான் பாத்தா. அங்கதான் போடுவாகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். அதுக்கப்பறம் அவ இடது பக்கமும் திரும்பல, வலது பக்கமும் திரும்பல, நின்ன எடத்துல நின்னே தோத்தா. நான் ஏன் கத்துனேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. வெயிலு ஜாஸ்தி அன்னிக்கு.

ஆக, இந்தியாவோட சாம்பியன் யாரு? செல்லூரு ஒச்சம்மா. கப்பக் கையில குடுத்ததும் அக்கா மேடையிலயே திரும்பி எங்களத் தேடுனாக. நான் ஒரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன், அவ ஒரு பக்கம். திரும்பி வர்றப்ப இதே மாதிரி ரயிலு. அக்கா தக்காளிச் சாதம் கட்டியாந்த பொட்டலத்தப் பிரிச்சு எனக்கு நீட்டுனாக, வேணாம்னுட்டேன். அவளுக்கு நீட்டுனாக, அவளும் வேணாம்னுட்டா. மதுர வரைக்கும் அந்த மனுசி கப்ப ஒரு துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாக. இப்ப நெனச்சா எனக்கு வெக்கமா இருக்கு. அன்னிக்கு இல்ல.

அதுக்கப்பறம் அக்கா கோர்ட்டுப் பக்கம் வரவே இல்ல. பொங்கத் துணி நெறைய வந்துருச்சுன்னு சொல்லி விட்டாக. ராக்கெட்டத் தொடச்சு, அதுக்குன்னு பூப்போட்ட துணியில ஒரு உறை தச்சுப் போட்டுக் குடுத்து விட்டிருந்தாக. உறை அம்புட்டு அளவா இருந்துச்சு. போட்டதும் எனக்கு என்னமோ போல ஆயிருச்சு.

இந்த வருஷம் மறுபடி பேரு குடுக்கச் சொல்லி தாக்கல் வந்துச்சு. பிரமீளாவுக்குக் கைக்கொழந்த, வர முடியாது. மறுபடி மூணு பேரு. கலெக்டர் ஆபீசுக்கு ஆறு திங்கக்கெழம போனோம், ஒரு ஆளு சிக்கல. கடைசியில ஒரு நாளு காலையில இவ வலைகிட்ட வந்து ‘செல்லூரு’ன்னா. ‘சரி’ன்னேன். ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுல போனோம். எங்க வண்டிய எல்லாம் மடிச்சு ஏத்துனதுக்கப்பறம் ஆட்டோவுல எடமே இல்ல, அவ முழங்கை என் விலாவுல.

கடையில அக்கா ஒரு ரவிக்கைக்குக் கை வச்சுக்கிட்டு இருந்தாக. கப்பு மிஷினுக்குப் பக்கத்துல இருக்கு. உள்ள கொக்கியும் ஊக்கும் கெடக்கு. அஞ்சு கப்ப நான் கண்ணாடி அலமாரியில வச்சுத் தெனமும் தொடைக்கிறேன், இவுக ஊக்கு போட்டு வச்சிருக்காக. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். காரியம் ஆகணுமே. இவதான் ஆரம்பிச்சா, அக்கா நீங்க வந்தாத்தான் போட்டியேன்னு. நானும் ஆமாக்கான்னேன். அக்கா மிஷினச் சுத்துறத நிறுத்தல. சுத்திக்கிட்டேதான் பேசுனாக.

“போன தடவ தோக்கச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனீக. ஆடுறப்ப எனக்கு அது மறந்து போச்சு. நீங்க ரெண்டு பேரும் சொல்லிக் குடுத்தத அப்பிடியே செஞ்சேன், ஜெயிச்சுட்டேன். அதுக்கு ஒரு ரயிலு முழுக்க எங்கூட மொகம் குடுத்துப் பேசல. இந்தத் தடவ வாறேன். ஆனா யாருகிட்டத் தோக்கணும்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி மொதல்லயே சொல்லிருங்க. அந்தப்படி தோத்துட்டு வந்துர்றேன். எனக்கு கப்பு வேணாம், மனுசங்க பேசுனாப் போதும்.”

கோவமா சொல்லல தம்பி. பட்டன் எந்தப் பக்கம் வைக்கட்டும்னு கேக்குற மாதிரி சொன்னாக. அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு.

இருவத்திமூணு நாளாச்சு. பேசி முடிவு பண்ணல. எங்க பேச? ஒரு நாளு அவ ‘ஒச்சம்மா’ன்னு ஆரம்பிச்சா, நான் ‘தர்ட்டி லவ்’னுட்டேன். அதோட சரி.

நான் மனசுக்குள்ள ஒரு முடிவு வச்சிருக்கேன். அக்கா கேட்டதும் முந்திக்கிட்டு ‘எங்கிட்ட’ன்னு சொல்லிறணும். ஏன், தப்பா? அவுகளா குடுக்குறாக, நானாக் கேட்டேன்? இவளும் அதத்தான் சொல்லப் போறா, எவ முந்துறாளோ அவளுக்கு. நீங்க என்ன தம்பி இப்பிடிப் பாக்குறீக? எனக்கும் தெரியும். தானமா வாங்குன கப்ப அந்த அலமாரியில எங்க வைக்கிறதுன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். மத்த அஞ்சும் அத ஒரு மாதிரி பாக்கும். ஆனா தோளு? அடுத்த வருஷம் கெடையாதே. யோசிச்சா ஒரு பக்கம் இப்பிடி, ஒரு பக்கம் அப்பிடி.

கொடைரோடு தாண்டியாச்சா? அம்பாத்துரையும் போயிருச்சா? அட, பேச்சு சுவாரஸ்யத்துல பாக்கல. அக்கா திண்டுக்கல்லதான் ஏறணும். மகளுக்குப் பிரசவம், அங்க போயி ரெண்டு வாரமாச்சு. கொழந்த பொறந்து அஞ்சு நாளு. வாறேன்னுதான் சொன்னாக, ஆனா நேத்து மத்தியானத்துல இருந்து போன எடுக்கல. மக வீட்டுல பச்சப் புள்ளய விட்டுட்டு, இந்த ரெண்டு சண்டக்காரிகளுக்காக எவ வருவா? வரலைன்னா நாங்க மெட்ராசுக்குப் போயி மூணு பேராக் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வண்டியில திரும்ப வேண்டியதுதான். என் ஆட்டம் இந்த ரயிலோட முடிஞ்சுது.

வேகம் கொறையுது. பாத்தீகளா அவள, நான் வண்டிய நகட்டுறதுக்குள்ள வாசலுக்கே போயிட்டா. தள்ளுடி அங்கிட்டு. தம்பி, நீங்க உசரமா இருக்கீக, எட்டிப் பாருங்க. மூணு சக்கர வண்டி தெரியுதா? கருப்பா, காதுல பெரிய தோடு போட்டு? டீக்கடைக்கு அந்தப் பக்கம் பாருங்க. இல்லையா? நல்லாப் பாருங்க.

இந்தா இருக்காக. ஒச்சம்மாக்கா. அக்கா, இங்க, இங்க. தம்பி, ஒரு கை குடுங்க, அந்தப் போர்ட்டர் அண்ணனும் நீங்களுமாச் சேந்து தூக்குங்க, பையக் கடைசியில வாங்கிக்கலாம். பதனம். வாங்கக்கா. பேத்தியா, பேரனா? பேரனா, சந்தோசம். போன ஏங்க்கா எடுக்கல, உசுரே போயிருச்சு எங்களுக்கு. சரி சரி, மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க.

ஏறுன கையோட கேக்கணுமாக்கா அத? தம்பி, கேட்டீகளா, யாருகிட்டன்னு முடிவு பண்ணியாச்சான்னு கேக்குறாக. சொல்றேங்க்கா. நான் என்ன சொல்றேன்னா…

“பவுனுகிட்டத் தோத்துருங்கக்கா. அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்.”

தம்பி, இவ என்ன சொன்னா? எங்கிட்டயா? உங்களுக்கும் அப்பிடித்தான் கேட்டுச்சா?

ஏய் ஜெசிந்தா. உனக்கு யாருடி சொன்னது கடைசி வருஷம்னு? நான் இந்தத் தம்பிகிட்ட மட்டுந்தான சொன்னேன், அதுவும் மெதுவா. எனக்குத் தானம் குடுக்குறியா நீ? நீ குடுத்து நான் வாங்கணுமா? அக்கா, இவ பேச்சக் கேக்காதீங்க. நீங்க யாருகிட்டயும் தோக்க வேணாம். வலைகிட்டப் பொத்துன்னு போடுவீகளா, போடுங்க, நான் முன்னால வாறேன். இவளுக்கும் விட்டுக் குடுக்காதீங்க, எனக்கும் விட்டுக் குடுக்காதீங்க. போன தடவ நீங்க ஆடுனது நல்ல ஆட்டம்க்கா. சத்தியமா. அன்னிக்கே சொல்லிருக்கணும், எனக்கு வாய் வரல. இவள நான்தான் தோக்கடிக்கணும். தோளு கழண்டு கீழ விழுந்தாலும் நான் அடிச்சு இவ தோக்கணும். வேற எப்பிடி வந்தாலும் எனக்கு அந்தக் கப்பு வேணாம்.

எதுக்குடி கண்ணத் தொடைக்கிற? தூசியா? எனக்குந்தான் தூசி.

தம்பி, வண்டி கெளம்பிருச்சே, நீங்க எறங்கலையா? நல்ல ஆளுதான். சரி, கால மடக்குங்க, என் வண்டி திரும்பணும். அவகிட்டக் கொஞ்சம் கேக்க வேண்டியிருக்கு, ஆறு மாசமா ஏன் தலைக்கு மேல ஒன்னுகூடத் தூக்கிப் போடலன்னு. நீங்க என் சீட்டுலயே உக்காந்துக்கங்க. நான் வர நேரமாகும்.